சமனான இடத்தில் நிற்கிறவர்

தியானத்திற்குரிய வேதபகுதிகள்: ஆதியாகமம் 33:12-14; 1 இராஜாக்கள் 20:23-30; லூக்கா 6:12-19



ஆனி பிறந்துவிட்டது. சங்கரன்கோவிலின் கரிசல் மண்ணில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேல்காற்று வீசுகிறது. போதகர் இல்லத்து மொட்டைமாடியில் நின்று மேற்கே நோக்கினால், தெளிந்த காலைகளில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீலக்கோடாகத் தென்படும். அந்தக் கோட்டை மேகம் மறைத்துவிட்டால், குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று தெருவில் எவரேனும் சொல்வார்கள். விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே வாழும் நம் ஊர் மக்களுக்கு அந்தச் செய்தியே பாதிக் குளிர்ச்சி.

ஆண்டுதோறும் இந்த நாட்களில் நம் சபையார் ஒரு நாள் வெளியே சென்று ஜெபித்து, உண்டு, மகிழ்ந்து திரும்புவது வழக்கம். இவ்வாண்டு எங்கே செல்வது என்ற பேச்சு சபை மன்றத்தில் எழுந்தபோது, வாலிபர் ஐக்கியத்தார் மலையேற்றம் வேண்டும் என்றார்கள். என் கருத்தைக் கேட்டார்கள். அன்று நான் உடனே விடை கூறவில்லை. இந்த வாரத் தியானமாக அதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: சபை என்ற பெயரில் நாம் புறப்படுகிற நாளில், நம்மில் மிக மெதுவாக நடக்கிறவரால் முடிகிற வழியையே தேர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே மலையுச்சி வேண்டாம். மலையடிவாரத்துப் பாதை போதும். இது வசதியைப் பற்றிய பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நான் இதை விசுவாசத்தைப் பற்றிய பேச்சாகவே எண்ணுகிறேன். ஏன் என்பதைச் சொல்ல, என் தவறு ஒன்றை முதலில் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் படிக்கட்டுகள் நிறைந்த ஒரு மலைக்கு நாம் சென்றதை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். இரண்டு வேன்களில் 41 பேர் சென்றோம். 32 பேர் உச்சிக்கு ஏறினோம். மேலே பாடினோம், மறுரூப மலையைக் குறித்து நான் பிரசங்கித்தேன், படம் எடுத்துக்கொண்டோம். மீதி ஒன்பது பேர் கீழே புளியமர நிழலில் இருந்தார்கள். இறங்கி வந்தபோது அவர்களில் ஒரு பாட்டியம்மாவிடம், "சிரமமாக இருந்ததா, அம்மா?" என்று கேட்டேன். "எங்களுக்கென்னய்யா சிரமம். நீங்க நல்லபடியா இறங்கி வந்தீகளே, அது போதும். நாங்க இங்கனயே இருந்துக்கிட்டோம்" என்றார்கள். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அறிவிப்பில், "சபையாக மலையேறி ஆண்டவரைத் துதித்தோம்" என்று மகிழ்ச்சியோடு கூறினேன். ஆராதனை முடிந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் அந்த ஒன்பது பேரில் ஒருவர். குரலில் கோபம் சிறிதும் இல்லை. "ஐயா, அன்றைக்குச் சபை மலையேறவில்லை. சபையில் சிலர் ஏறினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்" என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தோடு நான் ஓர் ஆண்டு போராடினேன்.

மறு ஆண்டு நாம் குற்றாலத்தின் ஐந்தருவிச் சாலைக்குச் சென்றோம். அந்த நடையைப் பற்றி இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். வராதவர்களும் அதை அறிய வேண்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தெற்கே சென்றோம். புளியங்குடியைத் தாண்டியதும் வலப்பக்கத்து நீலக்கோடு பச்சை மலையாக மாறிவிடும். தென்காசியை நெருங்கும்போது காற்றே வேறாகிவிடும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, எஞ்சிய ஈரத்தோடு அந்த இடைவெளி வழியே இப்புறம் நுழைகிறது. மழைமறைவுப் பகுதியாகிய நம் மாவட்டத்தின் இந்த மூலைக்கு மட்டும் ஆனியிலும் ஆடியிலும் சாரல் கிடைப்பது அதனால்தான். மலை உயர்ந்து நின்ற இடத்தில் அல்ல, மலை தாழ்ந்துகொடுத்த இடத்தில்தான் நமக்கு ஈரம் வருகிறது. இதை நான் பலமுறை யோசித்ததுண்டு.

முதலில் பேரருவியின் எதிரே நின்றோம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. அந்த உயரத்திலிருந்து நேரே தலையில் விழுமானால் மனிதன் தாங்கமாட்டான். நடுவழியில் பாறையில் ஓர் ஆழ்ந்த குழி இருக்கிறது. பொங்குமாகடல் என்பது அதன் பெயர். வெள்ளம் முதலில் அதற்குள் விழுந்து, தன் வேகத்தை அங்கே இழந்து, பொங்கி வழிந்து, பின்னரே மனிதர் நிற்கும் இடத்துக்கு வருகிறது. குழந்தையும் கிழவியும் அதன் கீழே நிற்க முடிவது அதனாலேயே. தேவன் தம்மைத் தாழ்த்தி மனிதரிடத்தில் வந்ததைப் பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அந்தப் பாறைக்குழியைச் சுட்டிக்காட்டியபோது புரிந்த அளவுக்கு எந்தப் பிரசங்கத்திலும் அது சபைக்குப் புரிந்ததில்லை.

பேரருவிக்கு மேலே காட்டுக்குள் ஏறிச் சென்றால் செண்பகாதேவி அருவியும், அதற்கும் மேலே தேனருவியும் உள்ளன. அவை வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் வெண்ணமடைக் குளத்தருகே வேன்களை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

அது தார்ச்சாலைதான். சாதனையென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பக்கம் குளத்தில் சாரல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. எதிரே மலை, மேகத்தைத் துண்டாகப் போர்த்திக்கொண்டு நின்றது. தோப்புகளிலிருந்து ஈர மண்ணின் மணம் வந்தது. மேலேயிருந்து கசியும் நீர் பாறைகளில் வெள்ளி இழைகளாக இறங்குவதை நடந்துகொண்டே காண முடிந்தது. உச்சியில் நின்றால் பள்ளத்தாக்கைக் காணலாம், ஆனால் மலையைக் காண முடியாது. மலையின் முழு உருவமும் தெரிவது அடிவாரத்தில் நடக்கிறவனுக்குத்தான். சீசன் நெரிசல் தொடங்குமுன், வேலை நாளொன்றின் அதிகாலையில் சென்றதால் வாகனங்கள் குறைவாக இருந்தன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றோம். இரண்டு வாலிபர்கள் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுமந்து வந்தார்கள்; தேவைப்பட்டவர்கள் அமர்ந்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு சகோதரி சுண்டலும் தண்ணீரும் கொண்டுவந்தார். 38 பேர் புறப்பட்டோம். 38 பேரும் ஐந்தருவியைச் சென்றடைந்தோம். ஒரே நீரோடை பாறையில் ஐந்தாகப் பிரிந்து விழும் அந்த இடத்தில், ஒரே ஆவியானவர் அருளும் வெவ்வேறு வரங்களைப் பற்றி நம் ஆசிரியர் ஐயாவே ஐந்து நிமிடம் பேசினார். அருகிலுள்ள தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவுக்குள் செல்ல விரும்பியவர்கள் சென்றார்கள். மற்றவர்கள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விலை பேசினார்கள்.

அந்த நடையில்தான் எனக்கு அந்த அடி விழுந்தது.

புளியமர நிழலில் காத்திருந்த அதே பாட்டியம்மா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பேரனின் வேலை, மருமகளின் சுகவீனம், பிச்சிப்பூவின் விலை என்று பேச்சு எங்கெங்கோ சென்றது. இடையில் சாதாரணமாக ஒரு சொல் சொன்னார்கள்: "இப்படிச் சமதளமா இருந்தா நான் கோயிலுக்கும் வருவேன்யா. அந்த ஏழு படிதான் ஏற முடியல. ராப்போசனம் எடுத்து ஒரு வருசமாச்சு."

நான் நின்றுவிட்டேன். ஓராண்டாக அந்த அம்மா ஆலயத்துக்கு வருவது குறைந்திருந்ததை நான் கவனித்திருந்தேன். விசுவாசத்தில் சோர்ந்துவிட்டார்கள் என்றும், குடும்பத்தில் யாரோ மனம் மாற்றியிருக்கக்கூடும் என்றும் எண்ணி, அதற்காக ஜெபித்தும் வந்தேன்! அவர்கள் விசுவாசத்தில் குறைவில்லை. நம் ஆலய வாசலில்தான் ஏழு படிகள் மிகுதியாயிருந்தன. வீட்டுக்குச் சென்று திருவிருந்து கொடுத்திருக்க வேண்டியவன் நான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இதை மலையுச்சிக்கு ஏறும் வழியில் என்னால் அறிந்திருக்க முடியாது. அவர்கள் அங்கே வந்திருக்கவே முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஏற்றத்தில் நமக்கு மூச்சு வாங்குகிறது, பேச்சு நின்றுவிடுகிறது. அவரவர் தம் காலையும் அடுத்த படியையுமே பார்க்கிறோம். தாழ்ந்த பாதையில்தான் பேசுவதற்கு மூச்சு மிச்சமிருக்கிறது. எம்மாவுக்குச் சென்ற இருவரோடு உயிர்த்தெழுந்த ஆண்டவர் சேர்ந்து நடந்தது, அவர்கள் துக்கத்தோடு பேசிக்கொண்டே சென்ற ஒரு சாதாரண வழிப்பயணத்தில். அவர்களுடைய பேச்சைக் கேட்டு, என்ன துக்கம் என்று விசாரித்த பின்னரே அவர் வேதத்தை விளக்கினார். நானோ விசாரிக்குமுன்னே விளக்கிப் பழகியவன்.

வேதத்துக்கு வருவோம். ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் ஏசாவும் யாக்கோபும் இருபது ஆண்டுப் பிரிவுக்குப்பின் சந்திக்கிறார்கள். சேர்ந்து புறப்படலாம், நான் உனக்கு முன்னே நடப்பேன் என்கிறான் ஏசா. யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உடன் இருக்கின்றன, ஒரே நாள் விரட்டி நடத்தினாலும் மந்தை செத்துப்போகும் என்று சொல்லி, பிள்ளைகளின் நடைக்கு ஏற்றபடி தான் மெதுவாகப் பின்னே வருவதாகக் கூறுகிறான். எபிரெயத்தில் அங்கே வருகிற சொல் 'ரெகெல்'. பாதம் என்பது அதன் பொருள். பிள்ளைகளின் பாதம் எவ்வளவு வேகமோ அவ்வளவே என் வேகம் என்பது போன்ற சொல்லாட்சி அது. இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியை மொழிபெயர்த்தபோது, ஏசாவைத் தவிர்க்க யாக்கோபு செய்த தந்திரம் இது என்று குறிப்பெழுதியது நினைவிருக்கிறது. தந்திரமும் இருக்கலாம், அவன் யாக்கோபு அல்லவா! ஆனால் முந்தின அதிகாரத்தின் இறுதியை அப்போது நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பெனியேலில் இரவெல்லாம் போராடியபின் அவன் தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நடந்தான். நொண்டி நடக்கத் தொடங்கியவனுக்குத்தான் பிள்ளைகளின் பாதம் கண்ணில் பட்டது. என் முழங்கால் வலிக்கத் தொடங்கிய பின்னர்தான் எனக்கும் ஆலயப் படிகளின் எண்ணிக்கை தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவதாக, 1 இராஜாக்கள் 20ஆம் அதிகாரம். சமாரியாவில் தோற்ற சீரிய அரசன் பெனாதாத்துக்கு அவன் ஊழியர் ஓர் ஆலோசனை கூறுகிறார்கள். இஸ்ரவேலரின் தேவர்கள் மலைத் தேவர்கள். ஆகையால் சமபூமியில் போர் செய்தால் நாம் வெல்லலாம் என்பது அவர்கள் கணக்கு. கர்த்தர் அந்தக் கணக்கையே காரணமாக்கி ஆப்பெக்கில் இஸ்ரவேலுக்கு வெற்றி கொடுக்கிறார். தாம் பள்ளத்தாக்குகளின் தேவனல்ல என்று சீரியர் சொன்னதை அவர் பொறுக்கவில்லை. பெனாதாத்தின் ஆலோசகர்களை நாம் நகைக்கிறோம். ஆனால் நம் பேச்சு எப்படியிருக்கிறது? ஆவிக்குரிய அனுபவத்தை 'மலையுச்சி அனுபவம்' என்கிறோம். துன்பத்தைப் 'பள்ளத்தாக்கு' என்கிறோம். உபவாசக் கூடுகைக்கும் முகாமுக்கும் உயரமான இடத்தையே தேடுகிறோம். தேவன் மேலே இருக்கிறார், கீழே இருப்பது நாம் கடந்துபோக வேண்டிய இடம் என்று நாமும் நம்பிவிட்டோம். இது சீரியரின் இறையியல்.

மூன்றாவதாக, லூக்கா 6ஆம் அதிகாரம். இயேசு ஜெபிக்க மலைக்கு ஏறினார். இரா முழுவதும் அங்கே இருந்தார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விடிந்தபின் பன்னிருவரைத் தெரிந்துகொண்டு, அவர்களோடு இறங்கிவந்து, சமனான ஓர் இடத்தில் நின்றார் என்று லூக்கா குறிப்பிடுகிறார். நோயாளிகள் அங்கே வந்தார்கள், அவரைத் தொட்டார்கள், வல்லமை புறப்பட்டது. தரித்திரரைப் பாக்கியவான்கள் என்ற அந்தப் போதனை லூக்காவின்படி சமநிலத்தில் நின்று சொல்லப்பட்டது. நோயாளிகளால் ஏறமுடியாத இடத்தில் அவர் நின்றிருந்தால், யார் அவரைத் தொட்டிருக்க முடியும்?

நம் திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறும் இதையே போதிக்கிறது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து தேறிய ராக்லண்ட் ஐயர், சென்னையில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராயிருந்தவர். அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு 1854இல் வடதிருநெல்வேலியின் கரிசல் கிராமங்களுக்கு வந்தார். பங்களா கட்டி அமரவில்லை. கூடாரம் அடித்து, தோழர்களோடு ஊர் ஊராகச் சென்றார். உடல்நலம் குன்றியவர். 1858இல் சிவகாசியில் மரித்தார். அவர் அறிந்த நிலத்தில் ஏறுவதற்கு மலையில்லை. புழுதியும் வெயிலும் சமபூமியுமே இருந்தன. இன்று நாம் நிற்கும் சபைகள் பல அந்தத் தாழ்ந்த நடையின் கனிகள்.

டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை மிகவும் நேசித்தவர். தம் பிள்ளைகளுக்காக மலைக்காட்டில் ஓய்வில்லம் அமைத்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் தவறி விழுந்ததில் கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்து அவர் எழுதிய நூல்கள் பல. மலையேற முடியாதவராகிவிட்டதால் அவர் டோனாவூர்க் குடும்பத்துக்கு வெளியே போய்விடவில்லை. குடும்பம் அவருடைய அறைக்கு வந்தது. அப்படி வரத் தெரிந்த குடும்பமே சபை.

இனி, எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன். வாலிபர்கள் என்னிடம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெலனுள்ள நாட்களில் மலையேறாமல் எப்போது ஏறுவது என்றார்கள். ஆண்டவர் கொடுத்த பெலனை மகிழ்ச்சியோடு பயன்படுத்துவது பாவமல்ல. மோசே சீனாயில் ஏறினான். எலியா கர்மேலில் ஏறினான். ஆகவே வாலிபர் ஐக்கியம் தனியே ஒரு நாள், அனுமதியுள்ள பாதையில், தகுந்த வழிகாட்டியோடு மலையேறட்டும். நான் ஜெபித்து அனுப்புகிறேன். ஆனால் அதை வாலிபர் ஐக்கியத்தின் மலையேற்றம் என்றே அழைப்போம். சபை நாள் என்று பெயரிட்ட நாளில் சபை முழுவதும் போகக்கூடிய இடத்துக்கே போவோம்.

இன்னொருவர், முதியவர்களே வர விரும்பவில்லை, வீட்டிலிருப்பதே தங்களுக்குச் சுகம் என்கிறார்கள் என்றார். அன்பானவர்களே, நம் வீட்டு முதியவர்களின் மொழி நமக்குத் தெரியாதா? "நீங்க போய்ட்டு வாங்க" என்று அவர்கள் சொல்வதற்கு, நான் உங்களுக்குப் பாரமாயிருக்க விரும்பவில்லை என்பதே பொருள். கேட்ட ஒருமுறையோடு விட்டுவிடுவது மரியாதையல்ல. அவர்கள் நடக்கக்கூடிய வழியைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். அப்போது விடை வேறாக இருக்கும். அந்த ஆண்டு எனக்கு வேறாகத்தான் இருந்தது.

மெதுவான பாதை வாலிபருக்குச் சலிப்பூட்டும் என்பதும் ஒரு குறை. நாற்காலி சுமந்த அந்த இரு வாலிபர்களிடம் கேட்டுப் பாருங்கள். வழியில் அமர்ந்த ஒரு தாத்தா, தாம் சிறுவனாயிருந்தபோது பஞ்ச நாட்களில் கஞ்சிக்கு நின்ற கதையைச் சொல்ல, அவர்கள் இருவரும் நாற்காலியின் இருபுறமும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கைப்பேசி இருவர் கையிலும் இருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

எனவே, இவ்வாண்டும் ஐந்தருவிச் சாலை நடையையே முன்மொழிகிறேன். சில ஒழுங்குகளையும் சேர்த்துச் சொல்கிறேன். வரிசையின் முன்னே மிக மெதுவாக நடக்கிறவர் நடக்கட்டும். அவரை முந்த ஒருவருக்கும் அனுமதியில்லை. போதகர் கடைசியில் நடப்பார். சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுப்போம். கழிப்பறை எங்கேயுள்ளது என்பதை முன்னதாகவே ஒருவர் சென்று பார்த்துவரட்டும்; பெண்களும் முதியவர்களும் வரத் தயங்குவதற்குச் சொல்லாத காரணம் பெரும்பாலும் அதுவே. பிளாஸ்டிக் பைகளைத் தவிர்ப்போம். குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தால் ஒரு சொல்லும் பேசாமல் கீழ்ப்படிவோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஓர் இளம் உயிரைக் கொண்டுபோனதை மறந்துவிடக் கூடாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம்.

இறுதியாக ஒன்று. இந்த நடை ஒரு நாளோடு முடிந்துவிட்டால், நான் எழுதியது வெறும் சுற்றுலாக் கட்டுரை. நம் ஆலய வாசலில் ஏழு படிகள் இன்னும் இருக்கின்றன. பக்கவாசலில் சாய்தளம் அமைக்கும் தீர்மானம் மன்றத்தில் நிறைவேறி ஓராண்டாகிறது. முன்வாசலின் அழகு கெடும் என்பதால் பக்கவாசல் என்றார்கள். பக்கவாசலில் மழைநீர் தேங்கும் என்பதால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதற்கிடையில் மணிக்கூண்டுக்குப் புதுவண்ணம் பூசப்பட்டுவிட்டது. உயரத்துக்குச் செலவழிக்க நம்மிடம் எப்போதும் பணம் இருக்கிறது. மன்றத்தின் தலைவன் என்ற முறையில் இந்தத் தாமதத்தில் முதல் பங்கு என்னுடையது. பிறரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அட்வெந்து முதல் ஞாயிறுக்குள் அந்தச் சாய்தளம் முடிய வேண்டும் என்று உங்கள் முன் கேட்கிறேன். அதுவரை ஒவ்வொரு மாதமும் திருவிருந்து ஞாயிறு மாலையில், படியேற முடியாதவர்களின் வீடுகளுக்கு அப்பத்தையும் இரசத்தையும் எடுத்துக்கொண்டு நான் வருவேன். யாருக்குத் தேவை என்று சபை ஊழியரிடம் தெரிவியுங்கள். தயங்குகிறவர்களுக்காக அவர்களுடைய பிள்ளைகள் தெரிவியுங்கள்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு மலையிலேயே தங்கியிருந்தால் நமக்கு அதனால் பயனில்லை. அது இறங்கி, தென்காசியைக் கடந்து, வயல்களுக்குத் தன்னைக் கொடுத்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அருவியாயிருக்கும்போது அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ஆறாகத் தாழ்ந்து ஓடும்போது ஒருவரும் படம் எடுப்பதில்லை. ஆனால் நெல் விளைவது அங்கேதான்.

இந்த வாரச் சிந்தனைக்கு: உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிப் பின்தங்கியிருப்பவர் யார்? அவருடைய பாதத்தின் வேகத்தில் இந்த வாரம் ஒரு தெருவின் நீளமாவது அவரோடு நடந்து பாருங்கள். நீங்கள் பேச வேண்டாம்; அவர் பேசட்டும்.

ஜெபம்: மலைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் தேவனாகிய ஆண்டவரே, எங்களுக்காக இறங்கிவந்து சமனான இடத்தில் நின்ற உம் குமாரனுக்காக உம்மைத் துதிக்கிறோம். வேகமாக நடந்து, உடன் வந்தவர்களை இழந்த எங்கள் பாவத்தை மன்னியும். காத்திருந்தவர்களின் பொறுமையை நாங்கள் சம்மதம் என்று எண்ணிய பிழையை மன்னியும். நொண்டி நடந்த யாக்கோபுக்குக் கொடுத்த கண்களை எங்களுக்கும் தாரும். உமது பந்திக்கு வரும் வழியில் நாங்கள் கட்டிவைத்த படிகளை எங்கள் கைகளாலேயே சமனாக்கச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் பரம பிதாவே. ஆமென்.